தூணில் மாட்டிய கிளாம்ப்

கேபிளில் கருகிய இடமே இல்லை.

கருவேப்பிலங்குறிச்சி அரிசி ஆலை வாசலில் குந்திக்கொண்டு, கார்முகில் தன் வெல்டிங் கேபிளை முழம் முழமாகத் தடவிப் பார்த்தான். மதியம் விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் வேலை செய்தபோது ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. தன் கேபிள்தான் எங்கோ உருகியிருக்கிறது, அடுத்த இடத்தில் டேப் சுற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பி வந்துவிட்டான். இங்கே பார்த்தால் கேபிள் முழுசாக இருக்கிறது.

அப்படியானால் கருகியது எது?

கேபிளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான்.

அந்தக் கம்பெனியில் பால் மில் என்று ஒன்று உண்டு. களிமண்ணையும் தண்ணீரையும் கூழாங்கற்களோடு போட்டு அரைக்கும் பெரிய இரும்பு உருளை. அதன் சட்டத்தோடு சேர்த்து முடுக்கிய மேடை ஒன்றில் கால் விட்டுப்போயிருந்தது. அதைத்தான் பற்றவைத்தான். கரண்ட் திரும்பி வருவதற்கான கிளாம்பை அந்த மேடையிலேயே மாட்டியிருக்க வேண்டும். ஆனால் மில்லைச் சுற்றித் தரையெல்லாம் களிமண் கூழ். கிளாம்பில் அது காய்ந்துவிட்டால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பீங்கான் ஷெட்டுகளில் எல்லா வெல்டர்களும் செய்வதையே அவனும் செய்தான். மெஷினை வாசலோரம் காய்ந்த இடத்தில் நிறுத்தி, பக்கத்து இரும்புத் தூணில் கிளாம்பை மாட்டினான். வேலையும் முடிந்தது.

மேடையிலிருந்து தூணுக்கு அவ்வளவு கரண்டும் எந்த வழியாக வந்தது? கசியும் கரண்ட்டைத் தரைக்கு இறக்க மில்லிலிருந்து தூணுக்கு இழுத்திருக்கும் எர்த் கம்பி வழியாக. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கம்பி. கருகியது அதுதான்.

கூழிலேயே ஊறிக் கிடக்கும் மோட்டார் அது. கொஞ்சம் கரண்ட் கசியும் என்று எல்லோருக்கும் தெரியும். எர்த் இருந்ததால் இதுவரை யாரையும் அடிக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மில்லைக் கழுவி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி ஓடவிடுவார்கள். ஓட ஆரம்பித்ததும் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். முதலில் தொடுவது கற்பூரத் தட்டு பிடிக்கிறவள். ஈரக் கையோடு, வெறுங்காலோடு. வாசுகி. அங்கேயே வேலை பார்க்கும் அவன் பொண்டாட்டி.

செல்போனை எடுத்தான். கம்பெனி ஆபீசில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் பூசைக்குப் போயிருப்பார்கள். வாசுகியிடம் செல்போன் கிடையாது. கம்பெனிக்கு எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருக்கும் பாஞ்சாலைக்குப் போட்டான்.

"அக்கா, நான் கார்முகிலு. வாசுகிய ஒடனே போனுக்குக் கூப்புடுங்க. அவசரம்."

"இந்த வாட்டி எந்தத் தியேட்டரு தம்பி?"

போன மாதம் இதே போல அவசரம் என்று கூப்பிட்டிருந்தான். வாசுகி பதறி ஓடிவந்தபோது, சினிமாவுக்கு டிக்கெட் எடுத்திருப்பதாகச் சொன்னான். டீக்கடையே சிரித்தது.

"இது நெசமாவே அவசரம்க்கா."

"என்னான்னு சொல்லு, சொல்லிக் கூப்புடறேன்."

சொன்னால் முதலாளி குருமூர்த்தி காதுக்குப் போகும். அவருடைய எல்லா ஷெட்டுக்கும் இவன்தான் வெல்டர்.

"அவ வந்தா சொல்லிக்கறேன். சீக்கிரம்க்கா!"

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். செருப்பு சரசரவென்று போனது. கார்முகிலால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பைக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தான். செருப்பு திரும்பி வந்தது.

"வரமாட்டேங்குது தம்பி. தட்ட கையில வச்சிருக்குது. 'திரும்பவும் ஏமாற நான் இன்னா இளிச்சவாயா'ன்னு கேக்கச் சொல்லுச்சு."

அவள் பேசி முடிக்குமுன், போனுக்குள் தடதடவென்று ஒரு சத்தம். இரும்பு உருளைக்குள் கூழாங்கற்கள் புரளும் சத்தம். மில்லை ஓட்டிவிட்டார்கள்.

"அக்கா! மில்ல யாரும் தொடக்கூடாது! எர்த்து கம்பிய பொசுக்கிட்டேன். நான்தான் பொசுக்கினேன்! தொட்டா கரண்டு அடிக்கும். மெயின ஆஃப் பண்ணச் சொல்லு, ஓடு!"

ரிசீவர் எதிலோ மோதி விழுந்தது. செருப்புச் சத்தம் இல்லை. தூக்கி எறிந்துவிட்டு ஓடியிருப்பாள். தடதடப்பு நிற்கவில்லை. "ரெண்டு டீ, ஒண்ணு சக்கர கம்மி... யாரும் இல்லியா?" என்று ஒரு குரல் கேட்டது. தடதடப்பு. தடதடப்பு.

சட்டென்று நின்றது.

"அலோ! அக்கா! அலோ!"

யாரும் எடுக்கவில்லை.

பைக்கை எப்படிக் கிளப்பினான் என்று அவனுக்கே தெரியாது. வழியெல்லாம் ஒரே கேள்வி. தொடுவதற்கு முன்னால் நிறுத்தினார்களா, தொட்ட பிறகா? ஒருத்தியைக் கரண்ட் அடித்தாலும் மெயினைத்தானே முதலில் அணைப்பார்கள்? எதிரே வந்த பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. ஒதுங்கத் தோன்றவில்லை.

ஷெட் வாசலில் கும்பல். பிளந்துகொண்டு உள்ளே போனான். தட்டு கவிழ்ந்து, கூழில் குங்குமம் கலந்து கிடந்தது. பக்கத்தில் வாசுகி உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் ரத்தம்.

"தொடப் போன கைய பாத்து எட்டி மோதித் தள்ளிட்டேன்," என்றாள் பாஞ்சாலை. இன்னும் மூச்சு வாங்கியது. "பேத்துகிச்சு. வேற ஒண்ணுமில்ல."

கார்முகில் கூழில் முட்டி போட்டு அவள் கையைப் பிடித்துப் பார்த்தான்.

எலக்ட்ரீஷியன் தேவநாதன் ஒரு குண்டு பல்பைத் தூக்கிக் காட்டினார். "எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, ஒரே ஒரு நிமிசம் மெயினப் போட்டு மில்லுக்கும் தூணுக்கும் நடுவுல வச்சுப் பாத்தேன். பளிச்சுன்னு எரியுது, மில்லு முழுக்க கரண்டு."

"தூண்லயா மாட்டின?" குருமூர்த்தி கேட்டார்.

"ஆமாங்க."

"நாம செய்யறதே கரண்டுக்குக் காவலா இருக்கற பியூஸ் கேரியரு. இங்கியே இந்த லட்சணம். நாளையிலேருந்து வேற ஆளப் பாத்துக்கறேன்பா."

வாசுகி முந்தானையால் முழங்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல் தடவையே போன்ல இத சொல்றதுக்கு என்னாய்யா?"

"வேல போயிடுமேன்னு..."

"இப்ப மட்டும் இருக்குதா?" தரையில் கையூன்றி எழுந்தாள். "வேற எங்கெங்க இப்படி மாட்டின?"

மங்கலம்பேட்டை மரவாடி. திட்டக்குடி பட்டறை. இதே வரிசையில் கடைசி ஷெட், அங்கேயும் மில்தான், போன வாரம்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கமிருந்து பூசை மணி கேட்டது.

கார்முகில் எழுந்து ஓடினான். ஈரக் கால் வழுக்கியது. ஷெட்டை எட்டும் முன்பே கத்த ஆரம்பித்தான்.

"மில்ல ஓட்டாதீங்க! தொடாதீங்க! நான் தப்பா மாட்டிட்டேன்!"