ஈரச் சில்லு

காட்டுக் கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையில் அவன் லோடர் ஓட்டினான். அங்கேயே சகலை ஷிப்ட் இன்சார்ஜ் ஆனதிலிருந்து அவனுக்கு ஒரே வயிற்றெரிச்சல். அதைக் கொதிகலனில் போட்டிருந்தால் ஊருக்கே வெளிச்சம் கிடைத்திருக்கும். "எங்க அக்கா வீட்டுக்காரரப் பாருங்க" என்று பெண்டாட்டி வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

அன்று தன் ஷிப்ட் முடியும் நேரத்தில், மழையில் ஊறிய மரச்சில்லாகப் பார்த்து அள்ளி, அடுத்து வரும் சகலையின் ஷிப்டுக்கான எரிபொருள் தொட்டியை நிரப்பினான். ஈரம் எரியாது, நீராவி அழுத்தம் இறங்கும், சகலையின் மானம் கப்பலேறும்!

லோடரை விட்டு இறங்கியவன் தோளில் சகலை கைபோட்டார்.

"மேனேஜர்கிட்ட சண்ட போட்டு உங்களுக்கும் இன்சார்ஜ் கேட்டிருக்கேன் சகல. ஒரு ஷிப்ட் ஓட்டிக் காட்டணுமாம். என்னோட ஷிப்ட இப்பவே நீங்க பாருங்க. தொட்டி நிரம்பித்தானே இருக்கு?"

தலையாட்டினான். அந்த ஆலையில் அப்போது உலர்ந்திருந்தது அவன் நாக்கு ஒன்றுதான்.