பில்லின் பின்பக்கம்

முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த தற்காலிகப் பர்மிட் அன்றோடு காலாவதி. கெரேத்தரோ மாநிலத்துக்கு நான் குடிவந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. நான் வந்துவிட்டேன், என் வண்டி மட்டும் இன்னும் வரவில்லை என்கிறது அரசாங்கம். வாசலில் நிற்கிற சிவப்பு பிக்கப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அப்படிச் சொல்கிறது, என்ன செய்ய?

அன்று வெள்ளிக்கிழமை. பதிவு அலுவலகத்தில் இரண்டு மணிக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள். திங்கட்கிழமையிலிருந்து தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு நான் மதியச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். நூற்றி நாற்பது பேருக்கு. இந்த மாநில நம்பர் இல்லாத வண்டியை அவர்கள் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அந்த மேனேஜர் பின்னால் இரண்டு மாதம் அலைந்து வாங்கிய வேலை அது. அதுவும் போனால் கொழுந்தன் வீட்டுப் பின்னறையில், அவன் பெண்டாட்டியின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கொழுந்தன் பெயர் நபோர். என் புருஷன் ரூத்திலியோவின் தம்பி. நாலு வருஷத்துக்கு முன்பே இங்கே வந்தவன். "பேப்பர் வேலையெல்லாம் எனக்கு அத்துப்படி அண்ணி, நானும் கூட வர்றேன்" என்று காலையிலேயே தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவனுக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்கள் வீட்டில் அவனைப் படித்தவன் என்பார்கள்.

நான் விட்டு வந்த மாநிலத்தில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி கைமாறினால் அசல் பில்லின் பின்பக்கத்தில், 'இதன் உரிமையை இன்னாருக்கு விட்டுக்கொடுக்கிறேன்' என்று விற்றவர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த இன்னாரின் இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவோம். நாளைக்கே விற்க வேண்டி வந்தால் அடுத்து வாங்குகிறவன் தன் பெயரை எழுதிக்கொள்ளட்டும், நடுவில் நமக்கு எதற்கு அலைச்சல் என்ற புத்திசாலித்தனம். அதனால் ஆறு வருஷமாக அரசாங்கக் கணக்கில் என் வண்டிக்குச் சொந்தக்காரர் அதை விற்ற பெரியவர் தோன் கிரிஸ்பின்தான். நாங்கள் சிக்னலைத் தாண்டினால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போகும். உடனே போன் பண்ணுவார். "ஓதிலியா, நான் நேத்து மொரேலியாவுல நூறு கிலோமீட்டர் வேகத்துல போனேனாம்! முழங்கால் வலியில நான் கட்டிலவிட்டே இறங்கலையேம்மா!" மூன்று வாரத்துக்கு முன்னால் அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, பழைய நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பையில் போட்டு, பஸ் ஏறிப் போய் அந்த மாநிலத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். மிச்சம் இருந்தது இங்கே பெயர் பதிவது ஒன்றுதான்.

அந்தக் காலி இடம்தான் என் வீட்டைக் கெடுத்தது. வண்டி வாங்கப் பாதி என் பன்றிகள் போயின, பாதி ரூத்திலியோ அவகாடோ பறித்த கூலி. "உன் பேரைத்தான் போட்டிருக்கேன்" என்று அவன் சொன்னான். நானும் நம்பிப் பில்லைத் தகரப்பெட்டிக்குள் வைத்தேன், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் வடக்கே ஆப்பிள் தோட்ட வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது சண்டை வந்தது. "போறதுன்னா வண்டியை எனக்கு எழுதி வச்சிட்டுப் போ" என்றேன். "அது உன்னோடதுதான்டி, பின்னாடி திருப்பிப் பாரு" என்றான். எடுத்துத் திருப்பினேன். காலி. "யோவ், என் பேரு எங்கய்யா இருக்கு இதுல?" என்று அவன் முகத்தில் விட்டெறிந்தேன். அவன் அதைப் பொறுக்கி, புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மேசைமேல் வைத்துவிட்டு வாயே திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன பேசும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் போய்விட்டான். முதல் ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. பிறகு தம்பியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

அலுவலக மைதானத்தில் முதலில் வண்டிச் சோதனை. சோதிப்பவர் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். ஒன்றும் இல்லாத தாளில் எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. "எவ்வளவு துரு ஏறினாலும் இது காட்டிக்கொடுத்துடும் அம்மா" என்றார். எனக்கு அதை ரசிக்க நேரமில்லை. மணி பதினொன்றரை.

டோக்கன் எண்பத்தேழு. பலகையில் ஐம்பத்தெட்டு. உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், வாசல்வரை போய் வண்டியை யாரும் இழுத்துப்போகவில்லையே என்று பார்த்துவிட்டு வந்தேன். கட்டிக்கொண்டு வந்திருந்த கொருந்தாக்களில் ஒன்றைப் பிரித்தேன். விடியற்காலையில் சோள மாவைச் சோள இலையில் சுற்றி நானே அவித்தது. வாயில் வைக்கத் தோன்றவில்லை. அப்படியே நபோரிடம் நீட்டினேன். பலகை அறுபதில் பத்து நிமிஷம் நின்றது. கவுன்டர்ப் பெண்கள் மாறி மாறிக் காப்பிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நபோர் கொருந்தாவைத் தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணி, அந்தக் காலி இடத்துல யார் பேரை எழுதப் போறீங்க?"

"பாட்டன் பேரை. கேக்குற கேள்வியைப் பாரு!"

"இல்ல, அண்ணன் வண்டி அண்ணன் பேர்ல இருக்கறதுதானே முறை? நாளைக்கு அவன் திரும்பி வந்தா..." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். ரூத்திலியோவின் அடையாள அட்டை நகல். இஸ்திரி போட்ட மாதிரி மடித்து வைத்திருந்தான்.

"ஓகோ! இதுக்குத்தான் காலையிலேயே தலையை வாரிக்கிட்டுக் கிளம்பினீங்களா கொழுந்தனாரே?"

"நான் குடும்பத்துக்காகச் சொல்றேன்."

"என் பன்னி பன்னெண்டும் எந்தக் குடும்பத்துல பொறந்ததுங்க? உங்க குடும்பத்துலயா?"

பின்வரிசையில் ஒருத்தர் சிரித்துவிட்டார். "அம்மா, யார் பேரையாவது எழுதுங்க, பன்னி பேரைக்கூட எழுதுங்க, எங்க வரிசை நகர்ந்தா சரி" என்றார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் காதெல்லாம் சூடாகியிருந்தது.

எண்பத்தேழு வரும்போது மணி ஒன்று இருபது. கவுன்டரில் பெரெனீஸ் என்று பெயர் அட்டை குத்தியிருந்த பெண். நீளமான நகங்கள். தோன் கிரிஸ்பின் கடிதம், பிளேட் ஒப்படைத்த ரசீது, வீட்டு முகவரிக்கான கரண்டு பில், எல்லாவற்றையும் சடசடவென்று பார்த்தாள். வண்டிப் பில்லைத் திருப்பினாள். நகம் நின்றுவிட்டது.

"இங்க எதையோ அழிச்சிருக்கே."

"என்னது?"

அவள் தாளைச் சாய்த்துக் காட்டினாள். காலி இடத்தில் தாளின் பளபளப்பு போய்ச் சொரசொரவென்று இருந்தது. "ரப்பர் போட்டுத் தேச்சிருக்காங்க. அடித்தல் திருத்தல் இருந்தா நாங்க வாங்கக் கூடாதும்மா."

"நான் ஒண்ணும் அழிக்கலையே! கன்னி மாதா மேல சத்தியமா இது பெட்டியிலேயேதான் கெடந்தது!"

"அப்ப வேற யாரோ அழிச்சிருக்காங்க. ஏற்கெனவே வேற ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்த வண்டியா இருந்தா? நாளைக்கு அவங்க வந்து நின்னா என் வேலை போயிடும்."

பெண்ணே, திங்கட்கிழமை நூற்றி நாற்பது பேர் சாப்பாடு, பர்மிட் இன்றோடு சரி என்று என்னென்னவோ உளறினேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கெட்டவள் இல்லை.

"எதிர்ல ஜெராக்ஸ் கடை இருக்கு. இதை நல்லாக் கறுப்பா வச்சு எடுக்கச் சொல்லுங்க. அழிச்ச பேரு தெரியும். அதுவும் உங்க அட்டைல இருக்கற பேரும் ஒண்ணா இருந்தா வாங்கிக்கறேன். வேற ஆளா இருந்தா அந்த ஆளே நேர்ல வரணும். ரெண்டு மணிக்குள்ள வாங்க."

ரோட்டைக் கடக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னொருத்தி. ரொட்டிக் கடை ஃபிலோமேனாவாக இருக்கும். அவளைப் பார்த்தால் மட்டும் ரூத்திலியோ தொப்பியைக் கழற்றுவான். அவளுக்கு எழுதிவிட்டு, பயந்துபோய் அழித்திருக்கிறான். அதனால்தான் அன்றைக்கு வாயடைத்து நின்றான். என் பன்றிகளை விற்று அவளுக்கு வண்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்! வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே ஓடினேன். பின்னால் நபோர் வந்துகொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சை நிறுத்தத் தெரியாதவன் அவன். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

முதல் நகல் வெளிறி வந்தது. "இன்னும் கறுப்பா!" என்றேன். இரண்டாவதில் தாள் முழுக்கச் சாம்பல் பூத்து, நடுவில் வெள்ளையாகக் கோடுகள் தெரிந்தன. கடைக்காரர் இன்னும் ஒரு தட்டுத் தட்டினார். மூன்றாவது சூடாக வெளியே வந்தது.

ஓதிலியா பராஹாஸ் மெஹியா.

பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு உயரத்தில். ரூத்திலியோவின் கையேதான். மெஹியா என் அம்மா வழிப் பெயர். நானே அதை அவ்வளவாக எழுதுவதில்லை. அவன் விடாமல் எழுதியிருந்தான். அழுத்தி அழுத்தித் தேய்த்தும் போகாமல் ஆறு வருஷமாக அந்தத் தாளுக்குள்ளேயே நான் இருந்திருக்கிறேன்.

"எழுதிட்டு எதுக்கு அழிச்சான்?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். நபோர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் அழிக்கல அண்ணி."

"பின்ன?"

"பென்சில்ல எழுதின தன் கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்குன்னு சொல்லி, அதுமேலயே பேனாவால எழுதிக் குடுடான்னு என்கிட்டத்தான் கொண்டு வந்தான். பொம்பளை பேர்ல வண்டி போனா வீட்டைவிட்டே போயிடும்னு எனக்கு... வித்தாலும் வசதியா இருக்கட்டுமேன்னு... அழிச்சிட்டு, எழுதிட்டேன்னு மடிச்சுக் குடுத்துட்டேன். அவன் பிரிச்சுப் பாக்கல."

"நான் மூஞ்சில விட்டெறிஞ்சேனே அன்னைக்கு..."

"அன்னைக்குப் பாத்துட்டான். எனக்குப் போன் பண்ணி, ஏன்டான்னு ஒரே வார்த்தைதான் கேட்டான். அண்ணிகிட்ட சொல்லிடாதேன்னு நான்தான் அழுதேன்."

அறைந்திருப்பேன். கையில் பில் இருந்தது, கசங்கிவிடக் கூடாது. "அடப்பாவி, மூணு வருஷம்டா!" என்று நான் கத்திய கத்தலில் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். "மூணு வருஷம் நான் அந்த மனுஷனோட ஒரு வார்த்தை பேசலைடா!" அவன் நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தான். அழட்டும் என்று விட்டுவிட்டு ஓடினேன். மணி ஒன்று நாற்பத்தெட்டு.

பெரெனீஸ் நகலையும் என் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். பேனாவை நீட்டினாள். "எழுதுங்க. இதுல அடிச்சுத் திருத்தாம."

எனக்கு நன்றாக எழுத வரும். ஆனாலும் தாளைச் சாய்த்துப் பிடித்து, அவன் போட்டிருந்த கோணல் எழுத்துகள் தெரிகிற தடத்திலேயே, அதே உயரமும் தாழ்வுமாக எழுதினேன். மெஹியாவையும் விடவில்லை.

புதுப் பிளேட் இரண்டும் கைக்கு வந்தபோது என் பின்னால் கம்பிக் கதவை இழுத்துவிட்டார்கள். மைதானத்தில் நபோர் ஸ்குரூடிரைவரோடு வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பிளேட்டை அவன் முன்னால் போட்டேன். முன்பக்கத்தை முடுக்கினான். பின்பக்கத்தையும் முடுக்கினான். அதன்பிறகு அவனுடைய போனை அவன் பையிலிருந்து நானே எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"போடு அவனுக்கு. எனக்கும் கேக்குற மாதிரி ஸ்பீக்கர்ல போடு."

"அண்ணி, இப்ப வேலையில இருப்பான்..."

"போடுடா."

ஆறு தடவை ரிங் போனது. ஏழாவதில் எடுத்தான். பின்னால் பெட்டிகள் உருளும் சத்தம்.

"நபோர்? என்னடா இந்த நேரத்துல? ஓதிலியாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

நான் போனைப் பிடுங்கினேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. உன் தம்பி எல்லாம் சொல்லிட்டான். வாயில என்ன கொழுக்கட்டையாய்யா வச்சிருந்தே மூணு வருஷமா?"

அந்தப் பக்கம் பெட்டிச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. ஒதுக்குப்புறமாக நடக்கிறான் போல.

"வண்டிக்கு நம்பர் வந்திருக்கு," என்றேன். "என் பேர்ல. எழுதிக்கோ."

"இரு, இரு," என்றான் ரூத்திலியோ. "இங்கதான் பென்சில் ஒண்ணு வச்சிருந்தேன்..."

"பென்சில் வேணாம். பேனா தேடி எடு. எவ்வளவு நேரமானாலும் சரி, நான் போனை வைக்க மாட்டேன்."