பதினேழாம் எண்

“அக்கா, வேலை முடிஞ்சதும் அதை எனக்குத் திருப்பித் தருவீகளா?”

டான்சில் அறுவைச் சிகிச்சைக்குப் போகுமுன், தொளதொளத்த பச்சை அங்கியோடு எட்டு வயது ஜெனிட்டா இப்படித்தான் கேட்டாள். ஐஸ் பெட்டியோடு கதவருகே நின்ற விஜிலாவுக்குச் சிரிப்பு வந்தது.

“வெட்டி எடுத்த சதைய வச்சு என்னளா செய்வ?”

“எங்கப்பா முங்கி எடுக்குற சங்கு ஒண்ணுகூட வீட்டுக்கு வராது. எல்லாம் ஏவாரிட்ட போயிரும். இதாவது எனக்கு வேணும்.”

“சரி, தாரேன்,” என்றாள் விஜிலா, பெட்டியின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டே.

முனைவர் பட்டம் முடித்து, துறைமுகச் சாலையில் ஓர் ஆய்வகத்தில் மேல் ஆய்வு செய்துகொண்டிருந்தாள் அவள். டான்சில் சதையைத் தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்து, குப்பிகளில் உறையவைப்பாள். வேண்டும்போது ஒரு குப்பியை எடுத்துச் சிறு குழிகள் உள்ள தட்டில் விடுவாள். சில நாளில் அவை ஒன்றுகூடி, தொண்டைக்குள் செய்த வேலையை அங்கேயும் செய்யத் தொடங்கும். புதிய டெங்குத் தடுப்பு மருந்தை அவற்றுக்குக் கொடுத்து, எதிர்ப்புப் பொருள் சுரக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஒன்றுவிட்டு ஒருநாள் ஊட்டநீர் மாற்ற வேண்டும். அதற்காக ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே ஆய்வகத்துக்கு வந்துவிடுவாள். தட்டில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். ஜெனிட்டா பதினேழு. வேறு எந்த எண்ணும் அவ்வளவு நன்றாகச் சுரக்கவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், ஆட்டோ நிறுத்தத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. படத்தில் ஜெனிட்டா, முன்பல் இல்லாத சிரிப்போடு. “டெங்குவாம்,” என்றார் ஆட்டோக்காரர்.

விஜிலா மாடியேறினாள். கையுறை மாட்டினாள். பதினேழுக்கு ஊட்டநீர் மாற்றினாள். அன்று மாலை வந்த அளவீட்டில், பதினேழு இதுவரை இல்லாத அளவு டெங்கு எதிர்ப்புப் பொருள் சுரந்திருந்தது. அட்டவணையில் குறித்தாள். அழுகை வரவில்லை. வீட்டில் ஜெபமாலையை எடுத்தாள். பாதியில் எந்த மணியில் நிற்கிறோம் என்றே தெரியாமல் வைத்துவிட்டாள்.

அப்படியே நான்கு மாதம் போயிற்று. மாசியில், பதினேழின் கடைசிக் குப்பியை விட்ட தட்டிலும் வேலை முடிந்தது. முடிந்த தட்டை பிளீச்சிங் கரைசலில் கொட்டிக் கழிவுக்கு அனுப்ப வேண்டும். தட்டைச் சாய்க்கப்போன கை நின்றுவிட்டது. அதை எடுத்துக்கொண்டு ஆய்வகத் தலைவர் பாண்டியராஜனிடம் போனாள்.

“சார், இதை வெளிய கொண்டுபோகணும்.”

“ஏம்மா, இது என்ன பிரசாதமா, பொட்டலம் கட்டிக் கொண்டுபோக?”

அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“சின்னப் புள்ளைட்ட வாய விட்டுட்டியாக்கும். சரி, நம்ம அழுத்த அடுப்புல அவிச்சு, கிருமி இல்லாம எடு. தாய்ட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. நெறிமுறைக் குழுவுக்கு நான் எழுதுதேன்.”

திரேஸ்புரத்து வீட்டில், ஜெனிட்டாவின் அம்மா மெட்டில்டா தாளைப் படிக்காமலே கையெழுத்திட்டாள்.

“அங்கன அது நல்லா இருந்துச்சா, டாக்டரம்மா?”

இந்தக் கேள்விக்குத்தான் விஜிலா இத்தனை மாதம் பயந்திருந்தாள். “நல்லா இருந்துச்சு. நாங்க மருந்து கொடுத்தோம். அந்தக் காய்ச்சலோட நல்லாச் சண்ட போட்டுச்சு.”

மெட்டில்டா கையெழுத்திட்ட தாளை மடித்துக் கொடுத்தாள். பிறகு, “ஆபரேசன் முடிஞ்சு ஐஸ்கிரீம் கொடுத்தாகள்லா? அதுக்காவ, இன்னும் ஒரு டான்சில் மிச்சமிருக்கான்னு கேட்டா, சண்டாளி,” என்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீங்களே கொடுத்துருங்க. என்னால பாக்க முடியாது.”

கேட்ட பிள்ளை போய்விட்டால் கொடுத்த வாக்கும் போய்விடுமா என்ன?

நண்பகலில் கல்லறைத் தோட்டம் வெறிச்சோடிக் கிடந்தது. சின்னச் சிலுவையின் கீழ் மணல் இன்னும் இறுகவில்லை. விஜிலா விரலாலேயே குழி பறித்தாள். கொட்டைப் பாக்களவுகூட இல்லாத வெளுத்த துணுக்குகளைக் குப்பியிலிருந்து அதில் விட்டு மூடினாள். அப்போதும் அழுகை வரவில்லை. உள்ளங்கையை அந்த மணல்மேல் வைத்தாள். சூடாக இருந்தது.

“ஏளா, இந்தா,” என்றாள்.