எட்டு மணி நேரப் பிழை

முந்தைய நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மில்லில் மின்சாரம் போய்விட்டதாக மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். தேன்மொழியின் கணினியிலோ அளவுகள் அறுந்துபோயிருந்த இடம் காலை ஏழு மணி.

எழுதியவர் நேரத்தை மாற்றி எழுதிவிட்டார் போலும் என்றுதான் முதலில் நினைத்தாள். குளுவாங் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கடைவீட்டு மாடியில் அவள் வேலை பார்க்கும் ஆபீஸ். மில்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வரும் எண்களை வாங்கி, சீராக்கி, வரைபடமாக்கி, அறிக்கை எழுதித் தருவது அவளுடைய வேலை. நான்கு வருடமாகச் செய்கிறாள். பண்டார் தெங்காரா பக்கத்துச் செம்பனை மில்லின் கழிவுக் குழியில் ஒரு வாயுமானி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நச்சு வாயுவை அளவெடுத்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி முதல் முந்தைய நாள் வரைக்குமான கோப்பு அன்று காலைதான் வந்திருந்தது.

அறுந்த இடத்துக்கு முந்தைய வரியை மூலக் கோப்பிலேயே திறந்து பார்த்தாள்.

2025-03-04T07:00:00Z

கோப்பில் இருக்கும்வரை அது நேரமே இல்லை, வெறும் எழுத்துச் சரம். அதை நேரமாக மாற்றச் சொல்லி ஜனவரியில் அவள்தான் நிரல் எழுதியிருந்தாள். முதல் பத்தொன்பது எழுத்தை மட்டும் எடுத்துக்கொள், இது மலேசிய நேரம் என்று ஒரே ஒரு வரி. நிரல் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஏதோ வால் என்று நினைத்து அவள் வெட்டிவிட்ட இருபதாவது எழுத்துதான் அந்த இசட். கருவி கிரீன்விச் நேரத்தில் எழுதுகிறது என்பதைச் சொல்ல அந்த ஓர் எழுத்துதான் இருந்தது. மலேசிய நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால்.

ஏழுடன் எட்டைக் கூட்டினால் பதினைந்து. பிற்பகல் மூன்று.

ஜனவரி அறிக்கையில் தான் எழுதியது அவளுக்கு வரி பிசகாமல் நினைவிருந்தது. வாயு உச்சத்துக்குப் போவது அதிகாலை இரண்டு மணிக்கு. குழியில் இறங்கிச் சுத்தம் செய்யத் தோதான நேரம் காலை பத்து. அதை நம்பி மில்லில் புதன்கிழமை காலை பத்து மணிக்குக் குழி வேலை என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டுடன் எட்டைக் கூட்டினால் பத்து. உச்ச நேரம் பார்த்து அவர்களை இறங்கச் சொன்னவள் அவள்தான்.

அன்று புதன்கிழமை. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

குழி வேலைக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் மனோகரனைக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"சார், இன்னிக்கு யாரும் குழியில இறங்க வேணாம். என் ரிப்போர்ட் தப்பு. பத்து மணிக்குத்தான் கேஸ் ஜாஸ்தி."

"என்னம்மா இப்ப வந்து சொல்றீங்க? நீங்கதானே பத்து மணி செலாமத், ஆபத்தில்லன்னு எழுதிக் கொடுத்தீங்க?"

"தப்பா எழுதிட்டேன் சார். உங்க கை மீட்டர்ல ஒரு தடவை பாருங்க."

"அது சர்வீசுக்குப் போயிருக்கு. பயப்படாதீங்க லா. காலையில முட்டை அழுகின வாடை இருந்துச்சு. இப்ப வாடையே இல்ல."

தேன்மொழி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அந்த வாயு அளவு மீறிப்போனால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்கும். அறிக்கையின் பின்னிணைப்பில் அதையும் அவளே எழுதியிருந்தாள்.

"வாடை இல்லன்னாதான் சார் ஆபத்து! எங்க இருக்கீங்க நீங்க?"

"குழிக்கிட்டதான். லோகேஸ்வரன் இப்பத்தான் ஏணியில..."

அவர் பேச்சு நின்றது. யாரோ கத்தினார்கள். போன் எதன்மீதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் மனோகரனின் குரல், "கயிறு! கயித்த இழுங்கடா! யாரும் உள்ள இறங்காதீங்க!"

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றாள். பதினோரு நிமிடம். தொடர்பு அறுந்ததும் மில் வாசல் காவலறைக்கு அடித்தாள். காவலுக்கு இருந்த வெள்ளையம்மா எடுத்தார்.

"தூக்கிட்டாங்கம்மா. இடுப்புல கயிறு இருந்ததால தப்பிச்சான். மூச்சு இருக்கு, கண்ணுதான் திறக்கல. அலமாக், சின்ன வயசுப் பொண்டாட்டிம்மா அவனுக்கு."

லோகேஸ்வரன் மறுநாள் மாலைதான் கண் திறந்தான். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் குவளையைப் பிடித்தால் கை நடுங்கியது. மனைவியின் பெயரைச் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது.

தேன்மொழியின் முதலாளி, யாழ்ப்பாணத்துக்காரர் விஜயேந்திரன், கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கருவியில் கோளாறு என்று எழுதுவோம். பொய் என்று சொல்ல ஏலாது. அதுதானே வேற நேரத்தில் எழுதியது?"

"கருவி சரியாத்தான் எழுதியிருக்கு சார். கடைசி எழுத்த வெட்டினது நான்."

"உம்மட பேர் போகும், தேன்மொழி. பிறகு ஒருத்தரும் வேலை தர மாட்டினம்."

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். தன் இடத்துக்குப் போய் அந்த ஒரு வரியைத் திருத்தினாள். எழுத்துச் சரத்தை முழுதாக எடுத்து, கிரீன்விச் நேரமாகப் படித்து, பிறகு மலேசிய நேரத்துக்கு மாற்றினாள். வரைபடத்தில் மலைபோல் நின்ற உச்சி நகர்ந்து காலை பத்து மணியின்மேல் போய் உட்கார்ந்தது. அதே நிரலைப் பெக்கோக் பக்கத்து மில் ஒன்றுக்கும் ஓட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. அங்கே குழி வேலை வெள்ளிக்கிழமை. உடனே அடித்து நிறுத்தச் சொன்னாள். அவர்கள் திட்டினார்கள், நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகுதான் முந்தைய புதன்களைப் பார்க்கும் துணிச்சல் வந்தது. மனோகரனைக் கூப்பிட்டு, எந்தெந்தப் புதன் ஆள் இறங்கினார்கள் என்று கேட்டாள்.

"ரெண்டு தடவைதான். மத்த ரெண்டு வாரம் மழை. பிப்ரவரி அஞ்சாந்தேதி இறங்கினவங்களுக்குத் தலைவலி. பத்தொன்பதாந்தேதி ஒரு வங்காளதேசத்துப் பையன் மேல ஏறி வந்து சுருண்டு விழுந்துட்டான். வெறும் வயித்துல வந்திருப்பான்னு நெனச்சோம்."

"இப்ப எங்க இருக்காரு?"

"ரெண்டு நாள் வாந்தி. அப்புறம் ஒண்ணும் சரியாப் புரியல அவனுக்கு. ஏஜென்ட் ஊருக்கு அனுப்பிட்டான்."

வாயுமானி பத்து என்ற அளவைத் தாண்டினாலே குழிக்குள் கால் வைக்கக் கூடாது. பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணி வரியில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. தேன்மொழி பேனாவை எடுத்தாள்.

"சார், அவர் பேர் என்ன?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் வந்தது. "பாஸ்போர்ட் நம்பர் இருக்கு. பேரு... எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவோம். இருங்க, ஏஜென்ட்டக் கேட்கிறேன்."

ஏஜென்ட்டின் போன் அன்று முழுக்க அணைந்தே கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். சனிக்கிழமை காலை தேன்மொழி நான்கு பக்க அறிக்கையை மில்லுக்கும் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் அனுப்பினாள். தவறு யாருடையது என்று முதல் பத்தியிலேயே இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் என்ற இடத்தில் லோகேஸ்வரனின் பெயரும், அதன்கீழ் ஒரு பாஸ்போர்ட் எண்ணும்.