டம்மி உறுப்பினர்

“பன்னெண்டு மணிக்கு கிரான் ஓடும் மேடம். அதுக்கப்புறம் நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். எல்லாருக்கும் மெசேஜ் அதுவே அனுப்பிக்கும்” என்றான் சூர்யா.

கிரான் என்றால் பயந்துவிட வேண்டாம். குறித்த நேரத்துக்குக் கணினி தானாக எழுந்து செய்கிற வேலைக்கு அப்படி ஒரு பெயர். நமக்கு அலாரம் அடித்தால் தலையில் தட்டிவிட்டுத் திரும்பிப் படுப்போம். அது படுக்காது.

மாடம்பாக்கத்துப் பொறியியல் கல்லூரி நூலகத்தில் சத்யப்ரியா உதவி நூலகர். பதினாலு மாதங்களுக்கு முன்னால்தான் அங்கே பேரேடுகளை மூட்டை கட்டிவிட்டு மென்பொருளுக்கு மாறினார்கள். காசு கொடுத்து வாங்கியதல்ல. அதை எழுதியவர்கள் மூலநிரலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இலவசம் என்ற சொல் கல்லூரி முதல்வர் ராஜாராமனுக்குப் பிடித்துப்போனதால் வந்தது. அதை நிறுவிக் கொடுத்துப் பராமரிக்கிற சின்ன நிறுவனத்தின் பையன்தான் சூர்யா. இன்றைக்கு எஸ்.எம்.எஸ். வசதியை இணைக்க வந்திருக்கிறான். புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு இனிமேல் நூலகத்திலிருந்து நேராகக் கைப்பேசிக்குச் செய்தி போகும். தொடங்கிவைக்க முதல்வரே வருகிறார்.

“இத்தனை நாளா நோட்டீஸ் எதுவும் போகலையே, அதெல்லாம் என்ன ஆச்சு?” என்று சும்மாதான் கேட்டாள் சத்யப்ரியா.

“எங்கயும் போகல மேடம். சிஸ்டம் அது பாட்டுக்கு எழுதி எழுதி க்யூல வெச்சிருக்கு. அனுப்ப வழி இல்லாததால எல்லாம் பெண்டிங். நானூத்திப் பன்னெண்டு இருக்கு. இன்னிக்கு எஸ்.எம்.எஸ். கேட்வே தொறந்ததும் மொத்தமும் போயிடும்.”

அவள் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். ஒரு வாய் குடித்தவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

பதினாலு மாதங்களுக்கு முன்பு, பயிற்சி நாள். சொல்லிக்கொடுக்க வந்தவர், “ஒரு டம்மி உறுப்பினரை உருவாக்குங்க, வாய்க்கு வந்த பேரைப் போடுங்க” என்றார். மற்றவர்கள் நடிகர் பெயரைப் போட்டார்கள், ஏ பி சி என்று போட்டார்கள், ஒருவர் தன் நாயின் பெயரைப் போட்டுச் சிரிக்கவைத்தார். சத்யப்ரியாவின் விரல் தன்பாட்டுக்கு ‘ஜெயக்கொடி’ என்று தட்டியது. கைப்பேசி எண் இல்லாமல் படிவம் நகரமாட்டேன் என்றது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் உலகத்தில் இரண்டே. ஒன்று அவளுடையது. இன்னொன்றைத் தட்டினாள்.

அதோடு விட்டாளா? உத்தரவாதம் அளிப்பவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தன்னைச் சேர்த்தாள். இருவருக்கும் என்ன உறவு என்று ஒரு பட்டியல் விரிந்தது. ‘சகோதரி’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பக்கத்து மேசையில் கிடந்த, கான்கிரீட்டைப் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தின் பார்கோடைப் படிக்கவைத்து ஜெயக்கொடி பெயரில் வழங்கினாள். எல்லாம் சரியாக நடந்தது. பயிற்சியாளர் பாராட்டினார். புத்தகம் அலமாரிக்குப் போய்விட்டது. பதிவு அப்படியே நின்றுவிட்டது.

அதாவது, கணினியின் கணக்குப்படி ஜெயக்கொடி என்கிற உறுப்பினர் பதினாலு மாதமாகக் கான்கிரீட் புத்தகத்தை வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருக்கிறாள்.

ஜெயக்கொடி கற்பனை இல்லை. சத்யப்ரியாவின் கூடப்பிறந்த அக்கா, பதினோரு வயது மூத்தவள். ஈஞ்சம்பாக்கம் குப்பத்திலிருந்து விடிவதற்குள் மீன் எடுத்து, மேடவாக்கம் மார்க்கெட்டில் விற்கிறவள். தங்கச்சியை நூலகவியலில் முதுநிலை வரைக்கும் படிக்கவைத்தது அந்த மீன்கூடைதான். அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

அந்த ஆறு வருஷத்துக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். சத்யப்ரியாவுக்கு வேலை நிரந்தரமான நாள். கல்லூரியில் ஏதோ விழா, முன்வாசலில் விருந்தாளிகளோடு முதல்வர் நிற்கிறார், சத்யப்ரியா பட்டுப்புடவையில் பன்னீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். செய்தி கேட்ட ஜெயக்கொடி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஒரு பை நிறைய வஞ்சிரத்தோடு நேரே வந்துவிட்டாள். புடவையெல்லாம் ஈரம், கையெல்லாம் செதில். வாட்ச்மேன் ஜெயவேலு சத்யப்ரியாவிடம் ஓடிவந்து, “மேடம், உங்களைத் தெரியும்னு சொல்றாங்க. யாரு?” என்று கேட்டார். முதல்வர் திரும்பிப் பார்த்தார். “எங்க வீட்டுக்கு மீன் குடுக்கறவங்க. பின்வாசல்ல வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க” என்றாள் இந்த மகராசி. ஜெயக்கொடி நான்கடி தள்ளித்தான் நின்றிருந்தாள். பையை வாட்ச்மேன் நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மூன்று முறை போன் செய்தாள் சத்யப்ரியா. எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்திருக்கலாம். போகவில்லை. வெட்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயம். அன்றிலிருந்து மேடவாக்கம் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. சோழிங்கநல்லூரில் ஒரு கல்யாணம் என்றால், வண்டலூர் போய், கேளம்பாக்கம் சுற்றி, ஊரெல்லாம் பார்த்துக்கொண்டு போய்ச் சேருவாள். கணவன் பிரேம் செயலியில் மீன் வரவழைக்கிறான். அது பனிக்கட்டிப் பையில் முகம் தெரியாமல் வருகிறது.

மணி பத்தேமுக்கால். சத்யப்ரியா தன் கணினியில் ஜெயக்கொடியின் பதிவைத் திறந்தாள். நீக்கு என்பதை அழுத்தினாள். ‘இந்த உறுப்பினரிடம் நூல் உள்ளது. நீக்க இயலாது’ என்று சிவப்பில் வந்தது. புத்தகத்தைத் திரும்பப் பெற்றதாகக் காட்டிவிட்டால் பதிவை நீக்கிவிடலாம்தான். ஆனால் எழுதப்பட்ட செய்திகள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றனவே. அறிவிப்புகள் பக்கத்தைத் திறந்தாள். மூன்று செய்திகள், மூன்றுக்கும் எதிரே பெண்டிங். அழிக்கிற பொத்தான் அந்தப் பக்கத்தில் இல்லை.

எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து இயந்திரவியல் அலமாரி வரைக்கும் நடந்துவிட்டு வந்தாள். கலைந்திராத நாளிதழ்களை அடுக்கிவைத்தாள். படிக்கிற மேசையில் இருந்த மாணவி ஓவியா, “மேடம், எதையாவது தேடறீங்களா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லமா, நீ படி.”

மூன்று செய்திகளும் அவளே எழுதிக்கொடுத்த வாசகங்கள்தான். முதலாவது மரியாதையானது: ‘தாங்கள் எடுத்துச்சென்ற நூல் இன்னும் திரும்பவில்லை. அன்புகூர்ந்து நூலகத்தைத் தொடர்புகொள்ளவும்.’ கீழே கல்லூரிப் பெயரும் நூலகத் தொலைபேசி எண்ணும். இரண்டாவதில் அன்பு கிடையாது. மூன்றாவது மிரட்டல்: ‘தங்களுக்கு உத்தரவாதம் அளித்தவருக்கும் தெரிவிக்கப்படும்.’ அந்த உத்தரவாதம் அளித்தவள் அவளேதான்.

இந்த மூன்றும் மீன் கடையில் அடுத்தடுத்து வந்து விழுந்தால் அக்கா என்ன நினைப்பாள்? அன்று அவமானப்படுத்தியது போதாதென்று இன்று திருட்டுப் பட்டமும் கட்டுகிறார்கள் என்றுதானே?

பதினொன்று இருபதுக்கு சூர்யாவே வந்து நின்றான்.

“மேடம், ஒரு டவுட். பழைய பெண்டிங் எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா? போன வருஷத்து நோட்டீஸ் இப்பப் போனா பசங்க போன் பண்ணி உங்களைப் பேஜார் பண்ணுவாங்க. புதுசா முதல்வர் சாருக்கு மட்டும் ஒரு டெஸ்ட் மெசேஜ் போட்டுடலாம். நீங்க ஓகே சொன்னா ஒரே வரி கமாண்ட்தான்.”

தேடிய மருந்து வீட்டுக்கே வந்த மாதிரி. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவள் கண் தன் திரையில் இருந்த ஜெயக்கொடி என்ற பெயருக்குப் போனது.

அழித்துவிட்டால் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த ஆறு வருஷமும் கேளம்பாக்கம் சுற்றிப் போகலாம். இந்த அரை மணி நேரமாகப் பதறிக்கொண்டிருந்தாலும், அந்தப் பதற்றத்துக்கு அடியில் ஓர் ஆசை உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கண்டாள். செய்தி போய்விட வேண்டும் என்கிற ஆசை. தன்னால் செய்ய முடியாததைக் கணினியாவது செய்து தொலைக்காதா என்கிற ஆசை. எவ்வளவு பெரிய கோழை நான் என்று நினைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் இருங்க. யோசிச்சுச் சொல்றேன்.”

“சீக்கிரம் மேடம், பன்னெண்டுக்கு ஓடிடும்.”

அவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து வாசல்வரை போனாள். பதினொன்று நாற்பது. முதல்வரும் இரண்டு துறைத்தலைவர்களும் படியேறி வருகிற சத்தம் கேட்டது. சத்யப்ரியா சூர்யாவின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள்.

“எல்லாத்தையும் அழிச்சிடுங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுடுங்க. ஜெயக்கொடின்னு இருக்கும். அவங்களுக்கு மூணு இருக்கு. முதல் மெசேஜ் மட்டும் போகட்டும்.”

சூர்யா தேடிப் பிடித்தான். “இது டம்மி மாதிரி இல்ல இருக்கு? ரோல் நம்பரே இல்லையே. யாரு மேடம் இவங்க?”

வாட்ச்மேன் அன்று கேட்ட அதே கேள்வி. பின்னால் முதல்வரின் குரல் நெருங்கிக்கொண்டிருந்தது.

“எனக்கு வேண்டியவங்க” என்றாள். அக்கா என்று சொல்ல இப்போதும் வாய் வரவில்லை. ச்சீ என்று இருந்தது அவளுக்கு.

பன்னிரண்டு அடித்ததும் முதல்வரின் கைப்பேசி சிணுங்கியது. அவர் அதை உயர்த்திப் பிடித்துக் காட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். சத்யப்ரியாவும் தட்டினாள். அவள் கண் திரையில் இருந்தது. ஜெயக்கொடிக்கு எதிரே பெண்டிங் மறைந்து ‘அனுப்பப்பட்டது’ என்று வந்திருந்தது.

கூட்டம் கலைந்தது, சூர்யா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். சத்யப்ரியா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். தொலைபேசியின் ரிசீவரைத் தூக்கி உயிர் இருக்கிறதா என்று பார்த்தாள். அக்கா பார்த்திருக்கவே மாட்டாள், கடையில் ஆள் இருக்கும். பார்த்தாலும் விளம்பரம் என்று விட்டிருப்பாள். எண்ணையே மாற்றியிருப்பாள், இந்நேரம் யாரோ ஒரு முன்பின் தெரியாதவர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். பன்னிரண்டு ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

“அலோ, லைப்ரரியா? எம் பேருக்கு இன்னாமோ மெசேஜ் வந்துகீது. பக்கத்துக் கடைப் பொண்ணு படிச்சுச் சொல்லிச்சு. புக்கு எடுத்துகினு போய்ட்டனாம், இன்னும் குடுக்கலையாம். நான் எப்ப வந்து எடுத்தேன்? உங்க காலேஜ் வாசப்படி மிதிச்சே ஆறு வருசமாவுது. யாரு எம் பேர்ல எழுதி வெச்சது?”

பின்னணியில் மார்க்கெட் இரைச்சல். கத்தி பலகையில் விழுகிற சத்தம்.

“நான்தான்க்கா” என்றாள் சத்யப்ரியா. “ப்ரியா பேசறேன்.”

அக்கா போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

“புக்கெல்லாம் நீ எடுக்கலக்கா. கம்ப்யூட்டர் கத்துக்கும்போது ஏதாவது ஒரு பேர் போடச் சொன்னாங்க. எனக்கு உன் பேர்தான் வந்துச்சு.”

“இன்னா புக்கு?”

“கான்கிரீட்டு.”

“அத்த வெச்சுகினு நான் இன்னா பண்றது? நண்டுக்குக் காங்கிரீட்டு போடவா?”

சத்யப்ரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அழுகைதான் ஜெயித்தது. “அக்கா, என்னை மன்னிச்சிடு. நீ ஒரு தடவை இங்க வா. மெயின் கேட்டுல நானே வந்து நிக்கறேன்.”

“நான் எதுக்கு வரணும்?” ஜெயக்கொடியின் குரல் சட்டென்று இறுகியது. “நான் வந்தேன், பாத்தேன், போதும். நீ வா. நாலு மணிக்குக் கூட்டம் வரும். அல்லாரும் நிக்கறப்ப வா. கழுத்துல அந்த அட்டை மாட்டிக்கினு கீறியே, அத்தோட வா. வந்து, நான் யாருன்னு அங்க சொல்லு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “எம் பேர்ல கீற புக்கையும் எடுத்துகினு வா” என்றாள். தொடர்பு அறுந்தது.

மூன்று மணிக்கு, சீக்கிரம் கிளம்ப அனுமதி எழுதிக்கொடுத்தாள். கட்டுமானவியல் அலமாரியில், மேல் தட்டில் அந்தத் தடிப் புத்தகம் இருந்தது. திரையில் அது ஜெயக்கொடியிடம் இருப்பதாகவே காட்டியது. திரும்பப் பெற்றதாக மாற்ற ஒரு சொடுக்கு போதும். மாற்றவில்லை. இன்று சாயங்காலம் அந்தப் பதிவு உண்மையாகிவிடும். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள். அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது.

வாசலில் அதே ஜெயவேலு. தலை நரைத்திருந்தது, நாற்காலி அதேதான். நூலகப் புத்தகம் வெளியே போனால் யார் பெயரில் என்று நோட்டில் எழுதுவது அவர் வேலை. பேனாவை எடுத்தார்.

“யார் பேர்ல மேடம்?”

“ஜெயக்கொடி.”

“ஸ்டூடண்டா?”

“எங்க அக்கா.” அவள் குரல் தேவைக்கு மேலேயே உரக்க வந்தது. உள்ளே வந்துகொண்டிருந்த இரண்டு பேராசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “கூடப்பிறந்த அக்கா. மேடவாக்கத்துல மீன் விக்கறாங்க. அன்னிக்கு இந்த நாற்காலியில பையை வெச்சுட்டுப் போனாங்களே, அவங்கதான்.”

ஜெயவேலு நோட்டில் நிதானமாகப் பெயரை எழுதினார்.

“தெரியும் மேடம்” என்றார். “அன்னிக்கே தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி.”

அவர் எழுந்து போய்ப் பெரிய கேட்டைத் திறந்துவிட்டார். சத்யப்ரியா வெளியே வந்து, சாலையைக் கடந்து, மேடவாக்கம் போகிற பக்கம் நின்றாள்.