வெவ்வேறு மூட்டைத் தீனி

சர்க்கரை நோயாளி வயிறார உண்ட பிறகும் அவர் கல்லீரல் பட்டினி கிடப்பதாகவே நினைத்து, சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. சாப்பாடு வந்தாயிற்று என்று அதற்குச் சொல்ல வேண்டிய புரதம் எது? ஆராய்ச்சியாளரான அவள் அதைப் பதினோரு வருடமாகத் தேடினாள். ஆய்வகத்தில் சேர்ந்து இரண்டே வருடமான, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் இளைஞன் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

அவன் முடிவை அறிவித்தபோது எல்லோரோடும் அவளும் கைதட்டினாள். வீட்டுக்கு வந்து, எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்று கணவரிடம் பொரிந்து தள்ளினாள். வயிற்றெரிச்சலுக்கு எந்தப் புரதம் காரணம் என்று கண்டுபிடித்தால் முதல் பரிசு அவளுக்குத்தான் என்றார் அவர். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கட்டுரையை வெளியிடும் முன் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கும்படி இயக்குநர் அவளிடமே ஒப்படைத்தார். நெட்டையின் குறிப்பேட்டை வரிவரியாகப் படித்தாள். நான்காம் நாள் ஒரு பிழை அகப்பட்டது. அந்தப் புரதம் நீக்கப்பட்ட எலிகளுக்கு ஒரு மூட்டைத் தீனி. சாதாரண எலிகளுக்கு வேறு மூட்டை. சர்க்கரை ஏறியது தீனியாலும் இருக்கலாம். அவள் நெஞ்சு குளிர்ந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மூட்டையிலிருந்து போட்டாள். ஆறு வாரம் தானே எடை பார்த்தாள், தானே ரத்தம் எடுத்தாள். இன்றாவது வித்தியாசம் மறையாதா என்று காலைதோறும் ஏங்கினாள். மறையவில்லை. அவன் எண்களைவிடத் தெளிவாகவே நின்றது.

தீனி மாறியிருந்ததால் முடிவு சந்தேகத்துக்குரியது என்று மட்டும் எழுதினால் போதும், அவனுக்கு ஒரு வருடம் போய்விடும். அந்த வரியைத் தட்டச்சு செய்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள். நேரே அவன் மேசைக்குப் போய் மூட்டையைப் பற்றியும் புது எண்களைப் பற்றியும் சொன்னாள்.

அவன் முகம் கறுத்தது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொல்லியிருக்கலாம். நீ சொன்னது பொய்யாப் போகணும்னு காத்திருந்தேன்."

"தெரியும். உங்ககிட்ட கொடுக்கச் சொன்னதே நான்தான். தப்பு இருக்கான்னு உங்க அளவுக்கு வேற யாரு தேடுவாங்க?"

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

கட்டுரையில் இரண்டாவது பெயராக அவளுடையதைச் சேர்த்தான். வாழ்த்தச் சொந்தக்காரர்கள் அழைத்தபோதெல்லாம், இரண்டாவதுதான் என்று அவளே திருத்தினாள். அந்தப் புரதத்துக்கே செய்தி சொல்வது எது என்பது அடுத்த கேள்வி. நெட்டை வாய் திறப்பதற்குள் இயக்குநரிடம் போய் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.