அப்பா கடைசியாகச் சொன்னது

மேடையில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அரங்கமே மூச்சை அடக்கியது.

"கடைசி நேரத்துல எங்கப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். தண்ணி மாதிரி இருப்பா. தடையைப் பார்த்து நிக்காதே. வழியைத் தேடிப் போ."

கைதட்டல் காதைப் பிளந்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த தங்கைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பா குழாய் ரிப்பேர்க்காரர். தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வழி தேடிப் போகாமல் அடைப்பதுதான் ஆயுள் முழுக்க அவர் பிழைப்பு. அதுகூடப் போகட்டும். அவர் கண்ணை மூடிய மத்தியானம் அண்ணன் ஊரிலேயே இல்லை. வேறெங்கோ ஒரு மேடையில், உறவுகளைப் போற்றுவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தான்.

சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவனுக்கு 'மைக்கு' என்றுதான் பெயர். இப்போது வாழ்க்கைக்கு வழி சொல்வதே தொழில். அவளோ சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, துணி மாற்றியவள்.

காரில் ஏறியதும் பொரிந்து தள்ளினாள்.

"அப்பா எப்பண்ணா அப்படிச் சொன்னார்?"

"அவர் வாழ்க்கையே அதானே? நான் அதுக்கு வார்த்தை குடுத்தேன். இதுக்குப் பேர்தான் கற்பனை."

"அப்பாவுக்கு வாய் இருந்துச்சு. நீ ஒண்ணும் குடுக்க வேண்டாம். என்ன சொன்னார்னு ஒரு தடவையாவது என்கிட்ட கேட்டியா?"

அவன் கியரை மாற்றினான்.

"'பயமா இருக்கும்மா, எங்கேயும் போயிடாதே'ன்னார். என் மணிக்கட்டை விடவே இல்ல. தண்ணியும் இல்ல, தத்துவமும் இல்ல."

அவன் வண்டியை ஓரங்கட்டினான். கண் கலங்கியிருந்தது. அவளுக்கே பாவமாகிவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு அவனே வற்புறுத்திக் கூப்பிட்டான். போனாள்.

"எங்கப்பா கடைசியா என்ன சொன்னார் தெரியுமா? 'பயமா இருக்குப்பா, எங்கேயும் போயிடாதே.' என் மணிக்கட்டை விடவே இல்ல." சரியான இடத்தில் அவன் குரல் உடைந்தது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

அவள் எழுந்துவிட்டாள். "பொய்! நீ அங்க இல்ல. அது என் கை!"

அத்தனை தலைகளும் திரும்பின. அண்ணன் ஒரு நொடி தடுமாறினான். ஒரே நொடிதான்.

"என் தங்கச்சி. துக்கம் இன்னும் ஆறல. அவளுக்காக எல்லாரும் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவோம்."

கூட்டம் கண்ணை மூடியது. மூடிய கண்களுக்கு நடுவே அவள் வெளியேறினாள்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதும் ஆத்திரம் அடங்கவில்லை. அப்பாவின் பயத்தைக்கூட விட்டுவைக்கவில்லையே, பாவி! பின்னாலேயே ஒரு அம்மாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"நான் கண்ணை மூடலம்மா. உங்கப்பா நிஜமாவே பயந்தாரா?"

"ரொம்ப."

"எங்க வீட்டுக்காரரும்தான். சொன்னா அவருக்குக் கேவலம்னு யார்கிட்டயும் சொல்லல. தைரியமாப் போனார்னுதான் பிள்ளைங்ககிட்டயும் சொல்லிவெச்சிருக்கேன்."

"இதுல என்னம்மா கேவலம்?" அவளையும் மீறிக் குரல் உயர்ந்தது. "சாகப்போறவங்க நமக்குப் பாடம் எடுத்துட்டுத்தான் போகணுமா?"

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். பேருந்து வந்தது. இருவரும் ஏறவில்லை. அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.